நான்காம் பிரஸ்ஸின் இழந்த நிமிடங்கள்

காகிதத்தைப் படுக்கவைத்துப் படிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பாவமாக இருக்கும். கழுத்து ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். எங்கள் மேனேஜர் மூன்று வருடம் அப்படித்தான் படித்தார். காலை எட்டரைக்கு முந்தைய நாள் அறிக்கையை அவர் மேஜையில் வைப்பேன். எடுப்பார், திருப்புவார், மறுபடி திருப்புவார், முழங்கை பட்டுத் தண்ணீர் டம்ளர் சாயும். நான் துடைப்பேன்.

நீங்கள் கேட்டது இதை இல்லை என்று தெரியும். மோட்டார் அணைந்திருந்தபோது பிரஸ் எப்படி இறங்கியது என்பதுதான் உங்கள் கேள்வி. உங்கள் ஆட்கள் ஒன்பது நாளாகப் பட்டறையில் அதையேதான் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சொல்கிறேன். யாரும் என்னைப் பிடித்து வரவில்லை, நானாகத்தான் இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன். ஏன் வந்தேன் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் பட்டறையில் பெயிண்ட் டப்பாவுக்கு மூடி அடிக்கிறோம். மொத்தம் ஆறு பிரஸ். கீழ் அச்சில் தகட்டை வைத்துக் காலால் பெடலை அழுத்தினால் மேல் அச்சு நாற்பது டன்னோடு இறங்கும். கையை எடுத்துக்கொள்ள உங்களுக்கு அரை நொடி இருக்கிறது. அங்கே நான் இருபத்திரண்டு வருடம் நின்றேன். இடது கையில் கடைசி இரண்டு விரல் அங்கேயே தங்கிவிட்டன. அதனால் எனக்கு ‘மூணு விரலு’ என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், நானும் திரும்பிப் பார்ப்பேன். பிறகு முழங்கால்கள் போயின. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காக ஆபீஸில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். இருபத்திரண்டு வருடம் நின்றவனுக்கு நாற்காலி என்றால் என்ன என்பதை உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கம்ப்யூட்டரில் அட்டவணை போடக் கற்றுக்கொண்டேன்.

அந்த அட்டவணையில் பதினொரு பத்திகள் இருந்தன, தாளைப் படுக்கவைத்தால்தான் அடங்கும். கடைசி நான்கும் பிரஸ் நிற்பதைப் பற்றியவை. பழுது, மின்தடை, கதவு, காயம். கதவு என்பது பிரஸ்ஸுக்கு முன்னால் உள்ள கம்பிவலைக் கதவு. அது முழுதாக மூடினால்தான் மேல் அச்சு இறங்கும். கை உள்ளே இருந்தால் கதவு மூடாது, அச்சும் இறங்காது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எண்ணெயும் தகட்டுத் தூளும் சேர்ந்தால் அது பாதியில் சிக்கிக்கொள்ளும். கழற்றித் துடைத்து மாட்ட நான்கு நிமிடம். நான்காம் பிரஸ்ஸில் ஒரு நாளைக்கு இருபது தடவை சிக்கும்.

ஒருநாள் டம்ளர் உடைந்தேபோயிற்று. மேனேஜர் சொன்னார், “என்னய்யா இது, போர்வை மாதிரி விரிச்சு வெச்சிருக்க? ஒரே பக்கம், நேரா, பாத்தவுடனே புரியணும்.”

நியாயமான பேச்சு. நான்கு பத்தியும் சொல்வது ஒன்றைத்தான், பிரஸ் ஓடவில்லை என்பதை. நான்கையும் சேர்த்து ‘இழந்த நிமிடங்கள்’ என்று ஒரே பத்தியாக்க நினைத்தேன். ஒரு சிக்கல் இருந்தது. முதல் மூன்றும் நிமிடக் கணக்கு, காயம் மட்டும் ஆள் கணக்கு. நிமிடத்தோடு ஆளைக் கூட்ட முடியாது. அவ்வளவு விவரம் எனக்கும் உண்டு. அதனால் பழைய பதிவேடுகளை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன். ஒரு காயம் என்றால் பிரஸ் எவ்வளவு நேரம் நிற்கிறது? ஆளைத் தூக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றி மேல் அச்சை ஏற்ற வேண்டும். உள்ளே ஒட்டியிருப்பதை எடுக்க வேண்டும், துடைக்க வேண்டும். வெறுமனே இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த ஆளை நிறுத்த வேண்டும். சராசரி இருபத்துமூன்று நிமிடம் வந்தது. அதைக் கண்டுபிடித்தபோது மனம் நிறைந்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பட்டறையில் யாருக்கும் தோன்றாத ஒன்று.

ஒரே பத்தியாக்கியதும் அது தானாகத் தெரிந்தது. நான்காம் பிரஸ்ஸில் கதவு மாதத்துக்கு இரண்டாயிரம் நிமிடம் தின்றது. கதவே இல்லாமல் மாதம் நான்கு காயம் பட்டாலும் தொண்ணூற்றிரண்டு நிமிடம்தான். இதை நான் இட்டுக்கட்டவில்லை. தனித்தனிப் பத்தியாக இருந்தவரை யார் கண்ணிலும் படாமல் இருந்தது, அவ்வளவே.

மேனேஜர் காகிதத்தை நேராகப் பிடித்துப் படித்தார். நான்காம் பிரஸ்ஸுக்கு எதிரே நாளைக்கு நூற்றுப்பது நிமிடம் என்று இருந்ததில் விரலை வைத்தார். அடுத்த மாதம் அது முப்பதுக்கு வராவிட்டால் நான் மறுபடி அந்தப் பிரஸ்ஸில் போய் நின்று மூடி அடிக்க வேண்டும் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் முழங்கால்கள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, ஆட்கள் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது, கதவின் சுவிட்சை ஒரு கம்பியால் இழுத்துக் கட்டினேன். கதவு திறந்தே கிடக்கும், பிரஸ் மூடியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். ஃபோர்மேன் பார்த்தார். பிறகு மேற்கூரையைப் பார்த்தார்.

முதலில் நெட்டையன். நல்ல வேலைக்காரன், கொஞ்சம் வாயாடி. வலது கையில் இரண்டு விரல். துணியை நான்தான் அழுத்திப் பிடித்தேன். பத்தொன்பது நிமிடம், சராசரிக்கும் குறைவு. அடுத்த வாரம் கண்ணாடியக்கா. எப்போதும் தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் அந்தப் பெயர். இடது கை மணிக்கட்டு வரை அச்சுக்குள் போயிருந்தது. சக்கரத்தைச் சுற்றி மேல் அச்சை ஏற்றும்போது தோல் மேலேயும் எலும்பு கீழேயுமாகப் பிரிந்து வந்தது. அவள் கத்தவில்லை. “என் கண்ணாடி கீழ விழுந்துடுச்சுப்பா, யாரும் மிதிச்சிடாதீங்க” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் தேடியதில் நேரம் போயிற்று. நாற்பத்தொரு நிமிடம்.

அப்படியும் அந்த மாதச் சராசரி நாளைக்கு முப்பத்தொன்று. மேனேஜர் அதைத் தலைமை ஆபீஸுக்கு அனுப்பினார். எல்லாக் கிளைகளும் இனி இந்த அட்டவணையைத்தான் பின்பற்ற வேண்டும் என்று பதில் வந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இடது கையை.

கண்ணாடியக்கா இடத்தில் என் மனைவியின் தம்பியைப் போட்டார்கள். அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்வான், அதுதான் அவனிடம் தொல்லை. பிரஸ்ஸின் பக்கவாட்டில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு வரிசை எழுத ஆரம்பித்தான். ஒன்றில் அன்றன்றைய நிமிடங்கள். மற்றதில் ஏழு என்று மட்டும். நெட்டையனின் இரண்டு விரல், கண்ணாடியக்காவின் ஐந்து.

ஒரு விடுமுறை நாளில் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டான்.

“விரலையும் நிமிஷத்தையும் எப்படி மாமா ஒண்ணாக் கூட்டுனீங்க?”

“சராசரி எடுத்து.”

“அப்ப உங்க ரெண்டு விரலு எத்தன நிமிஷம்?”

“பதினேழு,” என்றேன். பழைய பதிவேட்டில் பார்த்திருந்தேன்.

அவன் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். என் மனைவி கரண்டியோடு அப்படியே நின்றாள். “அவன் கேக்கற மாதிரி தனியா ஒரு பத்தி போட்டுக் குடுத்துட்டுப் போங்களேன். உங்க தோலை உரிச்சா காகிதம் பண்றாங்க?” என்றாள். ஒரு பத்தி கூடினால் காகிதத்தை மறுபடி படுக்கவைத்துத்தான் படிக்க வேண்டும் என்று விளக்கினேன். அகலத்தைக் குறைத்துப் பார்த்திருந்தேன், எழுத்தைச் சிறிதாக்கியும் பார்த்திருந்தேன், அடங்கவில்லை. அவர்கள் இருவரும் ஒரே மாதிரி என்னைப் பார்த்தார்கள். அக்கா தம்பி ஜாடை.

வாசலில் செருப்பை மாட்டும்போது மெதுவாகச் சொன்னான். வியாழக்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார், அவரிடம் கம்பியைக் காட்டப்போகிறானாம். அதற்குள் நானே கம்பியை அவிழ்த்து, கணக்கையும் பிரித்து எழுதிவிட்டால் என் பெயர் வெளியே வராதாம். “அக்கா முகத்துக்காகச் சொல்றேன் மாமா.”

செவ்வாய்க்கிழமை பொறுக்காமல் அவனே கம்பியை வெட்டிவிட்டான். கதவு பழையபடி சிக்க ஆரம்பித்தது. நூற்றுப்பதினான்கு. மேனேஜர் சிவப்பில் வட்டம் போட்டுத் தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். புதன் மாலை தடித்த கம்பி ஒன்றால் மறுபடி கட்டினேன்.

வியாழன் காலை பத்து மணிக்கு ஒரு தாள் அச்சடித்து எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன். காயத்துக்குத் தனிப் பத்தி போட்ட தாள். அதில் ஏழு என்று இருந்தது. உங்கள் மேஜையில் கறையோடு இருக்கிறதே, அதுதான். ஒரே ஒரு பிரதி, அவனுக்காக அச்சடித்தது. அவன் அதை இரண்டு தடவை படித்தான். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். முகமே மாறிவிட்டது. “போதும் மாமா. அப்ப அவர் வர்றதுக்குள்ள கம்பிய அவுத்துடலாம். உங்க பேரு எதுக்கு இதுல,” என்றான்.

நானே அவிழ்க்கிறேன் என்று குனிந்தேன். என் தோளைப் பிடித்து நகர்த்தினான். “விடுங்க, உங்க கைக்கு இது வராது.”

அவன்தான் மோட்டாரை அணைத்தான். மோட்டார் அணைந்தாலும் பக்கத்திலுள்ள பெரிய சக்கரம் உடனே நிற்காது. இரண்டு மூன்று நிமிடம் தன் வேகத்திலேயே சுற்றும். சுற்றும்வரை பெடலை அழுத்தினால் அச்சு முழு வேகத்தில் இறங்கும். உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். பிரஸ்ஸில் நின்ற எவரும் சொல்லியிருப்பார்கள். ஏன் சொல்லவில்லை என்பது அவர்கள் விஷயம். அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் நின்ற இடத்திலிருந்து சக்கரம் தெரியாது, மற்ற ஐந்து பிரஸ்ஸின் இரைச்சலில் காதிலும் விழாது. தகட்டு அடுக்குக்குப் பின்னால் இருந்ததால் எங்களை யாரும் பார்க்கவில்லை. இடுக்கியோடு குனியப்போனவன் நிமிர்ந்து என்னைக் கேட்டான்.

“சக்கரம் நின்னுடுச்சா மாமா?”

சக்கரம் என் முழங்கைக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. காற்று கையில் பட்டது.

“நின்னுடுச்சு மாப்ள,” என்றேன்.

சுவிட்ச் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. தலையையும் வலது கையையும் உள்ளே விட்டால்தான் எட்டும். அவன் விட்டான். நான் காலை வைத்துப் பெடலை அழுத்தினேன். கால் வழுக்கவில்லை, முழங்கால் மடங்கவில்லை. அப்படி ஏதாவது எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

நாற்பது டன் என்பது தகட்டுக்காகப் போட்ட கணக்கு. தகடு அடிபடும்போது வரும் சத்தம் அன்று வரவில்லை, ஈரமான சத்தம் ஒன்று வந்தது, அதுவும் சின்னதாக. அவன் கால்கள் கொஞ்ச நேரம் தரையைத் தேடின. ஒரு செருப்பு கழன்று என் பக்கம் வந்தது. பிறகு இடுக்கியை எடுத்தபோது அது மூடியைப் போலத் தட்டையாக இருந்தது. நான் முதலில் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து பன்னிரண்டு. அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். வரிசை மாறினால் கணக்கு தப்பிவிடும்.

என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?” ஆமாம் என்றேன். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தம்பி போன துக்கம், நாளாக ஆகச் சரியாகும்.

இனி நான் வந்த விஷயம். பத்து பன்னிரண்டுக்குப் பிரஸ் நின்றது. சக்கரத்தைச் சுற்றி, அவனை எடுத்து, மூன்று வாளித் தண்ணீர் ஊற்றித் துடைத்து, ஓட்டத் தயாரானது பதினொன்று ஐம்பதுக்கு. தொண்ணூற்றெட்டு நிமிடம். கதவோடு ஓடியிருந்தால் நூற்றுப்பதினான்கு. பதினாறு நிமிடம் மிச்சம், சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டப்போகும் நேரத்தில் உங்கள் ஆட்கள் வந்து பூட்டி முத்திரை வைத்தார்கள். ஒன்பது நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. நான் துக்கத்துக்கு லீவில் இருப்பதால் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அந்த ஒன்பது நாளையும் நான்காம் பிரஸ்ஸின் இழந்த நிமிடங்களில் சேர்த்து எழுதியிருக்கிறார். நேற்று ஆபீஸுக்குப் போனபோது என் கண்ணாலேயே பார்த்தேன். நான்காயிரத்துக்கு மேல் வருகிறது. தலைமை ஆபீஸில் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

இரண்டும் ஒன்றில்லை ஐயா. பிரஸ்ஸால் நிற்பது வேறு, உங்கள் பூட்டால் நிற்பது வேறு. சம்பந்தமில்லாத இரண்டை ஒன்றாகக் கூட்டினால் உண்மை மறைந்துபோகும். கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். மேனேஜருக்கு மட்டும் நீங்கள் ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒன்பது நாளுக்குத் தனியாக ஒரு பத்தி போடச் சொல்லுங்கள்.