ஹெய்லியின் முதுகு

நல்ல பழுப்பு நிறம் வேண்டுமென்றால் வெயிலில் காய வேண்டியதில்லை. முதல் நாளே உடம்பைத் தேய்த்துக் குளித்துவிட்டு, க்ரீம், சென்ட் எதுவும் பூசாமல் வந்தால் போதும். கால் மணி நேரத்தில் தோலுக்கு நிறம் ஏற்றும் ஸ்ப்ரே அடித்து அனுப்பிவிடுவேன். ஹில்ஸ்பரோவில் என் வீட்டு கராஜில் ஒன்பது வருடமாக இதுதான் தொழில். வெள்ளைக்காரப் பெண்கள் வரிசை கட்டி வருவார்கள். நான் பிறந்து வளர்ந்த ஈப்போவில் என்னைக் கரிச்சட்டி என்று கூப்பிட்ட சொந்தக்காரர்கள் பார்த்தால் மயங்கி விழுவார்கள்.

என் மருமகள் ஹெய்லியும் வருவாள். அவள் அப்பா தோல் புற்றுநோயில் போனவர். அதனால் வெயிலென்றால் அவளுக்குப் பயம், நிறமென்றால் ஆசை. நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். 'அத்தை' என்ற ஒரு சொல்லை மட்டும் என் மகன் நவின் பழக்கியிருந்தான்.

ஸ்ப்ரே அடிக்கும் முன் உள்ளங்கை, முட்டி, மச்சம் இவற்றின்மேல் க்ரீம் வைத்து மறைக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே நிறம் கூடிவிடும். ஹெய்லிக்கு இடது தோளுக்குக் கீழே ஒரு மச்சம். ஆரம்பத்தில் சுண்டுவிரல் நுனியில் எடுத்த க்ரீமே அதற்குப் போதும்.

போன தீபாவளிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே கலர், அத்தை. நல்லவேளை, எனக்குக் கழுவினா போயிடும்," என்றாள். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நவினும் சிரித்தான். நான் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மனசு ஆறவில்லை.

ஜனவரியில் அந்த மச்சத்துக்குக் கட்டைவிரலால் க்ரீம் எடுக்க வேண்டியிருந்தது. ஓரம் கல்லில் வழிந்த தோசை மாவு மாதிரி கோணலாகப் பரவியிருந்தது. நடுவில் நீலம் கலந்த கறுப்பு. மாறுகிற மச்சத்தைக் கண்டால் உடனே டாக்டரிடம் அனுப்பு என்றுதான் பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். படங்களோடு ஒரு போஸ்டரும் தந்தார்கள். அது கராஜ் சுவரில் இருந்தது. ஹெய்லி வரும் நாட்களில் அதைக் கழற்றி வைத்துவிடுவேன்.

முதுகில் ஏதாவது தெரிகிறதா என்று அவள் மூன்று முறை கேட்டாள். ஒன்றுமில்லை, சுத்தமாக இருக்கிறது என்று மூன்று முறையும் சொன்னேன். மார்ச்சில் தோல் பரிசோதனைக்கு நாள் வாங்கியிருந்தாள். "ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா நான்தானே பாக்கிறேன், எதுக்கும்மா வீணா அலையிறே?" என்றேன். அதை ரத்து செய்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னாள்.

ஜூனில் அவள் சட்டை முதுகில் ரத்தக் கறை. அதற்குள் புற்றுநோய் ஈரலுக்கும் மூளைக்கும் பரவிவிட்டது. ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தாள். கடைசி மாதம் முழுக்க நான்தான் கஞ்சி ஊட்டினேன்.

"நீங்கதானேம்மா அவ முதுக பாப்பீங்க? ஒன்னுமே தெரியலியா?" என்று நவின் ஒரே ஒரு தடவை கேட்டான்.

"எனக்கு என்னடா தெரியும், நான் டாக்டரா?" என்றேன். என் மடியில் தலை வைத்து அழுதான். பத்து வயதுக்குப் பிறகு அவன் அப்படிப் படுத்ததே இல்லை.

இப்போது அவனும் பேத்தி ரஷ்மியும் என்னோடுதான் இருக்கிறார்கள். பிள்ளைக்கு அவள் அம்மாவின் தோல், வெயில் பட்டால் சிவந்துவிடும். தொப்பியும் சன்ஸ்க்ரீனும் இல்லாமல் வாசலைத் தாண்ட விடமாட்டேன். தினமும் குளிப்பாட்டும்போது தலை முதல் கால் வரை பார்க்கிறேன். கடுகளவு புள்ளி மாறினாலும் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவேன். நான் கெட்டவளாக இருந்தால் இதையெல்லாம் செய்வேனா?