சாஜிதா பேகம் கேட்ட இரண்டாவது கேள்வி

தலைமையேற்றிருக்கும் மோகனப்பிரியா அவர்களே, மனைவியை இழந்து துயரத்தோடு அமர்ந்திருக்கும் இல்யாஸ் அவர்களே, அவர் மகள் ரூபினா கண்ணு, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் நம் முதலீட்டாளர் வட்டத்து உறவுகளே! பம்ப்செட் பட்டறை செங்கோடன் பேசுகிறேன்.

எந்தப் பங்கை வாங்கலாம் என்று நமக்கு ஆராய்ந்து சொன்ன சாஜிதா பேகம் அவர்களை இழந்து பதினொரு நாளாகிறது. அறுபத்திரண்டு குடும்பங்களின் சேமிப்பைக் காத்தவரை எப்படிப் புகழ்வேன்? என் முட்டாள்தனத்தைச் சொன்னாலே போதும்!

மூன்றாண்டுக்கு முன் ஒரு நெட்வொர்க் செக்யூரிட்டி கம்பெனியின் பங்கை வாங்கத் துடித்தோம். கம்ப்யூட்டருக்குள் திருடர் நுழையாமல் தடுக்கும் ஃபயர்வால் பெட்டி செய்கிற கம்பெனி. போட்டியில் நிற்குமா என்று விசாரிக்க என்னை அனுப்பினீர்கள். பீளமேடு முதல் திருப்பூர் வரை அதை வாங்கிய பன்னிரண்டு ஆலைகள் ஏறி இறங்கினேன். "பெட்டி எப்படிங்க?" என்றேன். பன்னிரண்டு பேரும் "நல்லாருக்குங்க" என்றார்கள், காபியும் கொடுத்தார்கள். அசைக்க முடியாத கம்பெனி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்!

சாஜிதா சிரித்தார். "ஏனுங்கண்ணா, நம்மூர்ல மூஞ்சிக்கு நேரா நல்லால்லைன்னு யாருங்க சொல்லுவாங்க?"

அதே பன்னிரண்டு ஆலைகளுக்கும் போனார். நலம் விசாரித்துவிட்டு இரண்டாவதாக ஒன்று கேட்டார்: "புது யூனிட்டுக்கு யாரோட பெட்டிங்க வாங்குனீங்க?" எட்டுப் பேர் போட்டிக் கம்பெனியின் பெயரைச் சொன்னார்கள்! மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செட் செய்ய வேண்டுமே என்றுதான் பழைய பெட்டியை விட்டுவைத்திருந்தார்கள். பழைய வாடிக்கையாளர் போகமாட்டார், புதியவர் வரமாட்டார். அப்படிப்பட்ட கம்பெனி எப்படி வளரும்? நாம் விலகினோம். ஒன்றரை ஆண்டில் அந்தப் பங்கு பாதி விலைக்கு இறங்கியது. நம்மைக் காத்தது யார்? சாஜிதா பேகம்!

போன மாதம் போனில் கேட்டேன், "உடம்பு எப்படிங்க அம்மணி?" "நல்லாருக்கேங்கண்ணா" என்றார். நானும் நம்பி போனை வைத்துவிட்டேன். அதே தப்பை மறுபடியும் செஞ்சுபோட்டேனுங்க! மனசு ஆறவே மாட்டேங்குது.

அந்த எட்டுப் பேர் சொன்ன கம்பெனியைத்தான் கடைசியாக அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒன்பது ஆலைகள் முடிந்தன, மூன்று மிச்சம். திங்கட்கிழமை அங்கே நான் போகிறேன். அவர் கேட்டதுபோலவே கேட்பேன். அது முடியாமல் ஒரு பங்குகூட வாங்கமாட்டோம். இது இந்தச் சபையில் நான் தரும் வாக்கு!

ரூபினா கண்ணு, நாங்கள் உங்கள் வீட்டுக்கும் வருவோம். எப்படி இருக்கிறாய் என்று கேட்போம். நீ நல்லாருக்கேன் என்பாய். உடனே எழுந்துவிட மாட்டோம் அம்மணி, இரண்டாவது கேள்வியையும் கேட்போம்.