குண்டூசி கேட்ட பன்னிரண்டு நாள்

எங்கள் குடும்பத்தில் ஒரு மனிதரின் வாக்குக்கு விலை, அவர் சொன்னதில் பாதி. கேவலமாக நினைக்காதீர்கள் ஐயா, அது ஒரு மரியாதை. ஜவுளி விற்ற அப்பாவும் இரும்புக்கடைப் பெரியப்பாவும் யார் எதைச் சொன்னாலும் முதலில் பாதியாக்குவார்கள். அப்புறம்தான் பேச்சே தொடங்கும். டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை எழுதினால், அம்மா ஆறு நாளுக்குப் பேசி முடித்துவிட்டு வருவாள்.

அந்தப் பழக்கத்தோடுதான் நான் மென்பொருள் நிறுவனத்தில் திட்ட மேலாளரானேன். புரோகிராமர் எட்டு நாள் கேட்டால் அதில் நான்கு நாள் பயம். பயத்தைக் கழித்துவிட்டுக் கொடுப்பேன், அவனும் முடித்துவிடுவான். அவர்கள் கூட்டிக் கேட்பார்கள், நான் குறைத்துக் கொடுப்பேன். யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. என் திட்டம் எதுவும் தாமதமானதில்லை.

ஆம்புலன்ஸ் அனுப்பும் மென்பொருளும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க ஒரு பெண் இருந்தாள். எதையும் குத்திப் பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். பன்னிரண்டு நாள் கேட்டாள்.

"ஆறு," என்றேன்.

"சார், நான் கூட்டிக் கேக்கல. பன்னிரண்டுன்னா பன்னிரண்டுதான்."

"எல்லாரும் இப்படித்தாம்மா ஆரம்பிப்பாங்க. சரி, உனக்காக ஏழு."

சட்டென்று எழுந்து போனாள். கோபித்துக்கொண்டு போகிறவரைத் திரும்பக் கூப்பிடக் கூடாது என்பது அப்பா கடையில் படித்த பாடம். ஒரு நாளை நானே குறைத்து மறுபடி ஆறாக்கினேன்.

கடைசி நாள் என் மேசைக்கு வந்தாள்.

"சார், ஒரே தெருவுலேர்ந்து ரெண்டாவதா ஒருத்தர் கூப்பிட்டா, ஏற்கெனவே வண்டி போயிடுச்சுன்னு நெனச்சு சாஃப்ட்வேர் அந்த அழைப்பை மூடிடுது."

"ஒரே தெருவுல ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கா ஆபத்து வரும்? அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்."

"வந்துட்டா?"

"அப்ப நீ சொன்னது சரின்னு ஒத்துக்கறேன், போதுமா?"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். ஒப்புதல் தாளை நீட்டினேன். கையெழுத்துப் போட்டாள். வீட்டுக் கடன் உள்ளவர்கள் அதிகம் பேசுவதில்லை.

சொன்ன தேதியில் கொடுத்தோம், கேக் வெட்டினோம். அடுத்த மாதமே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப்பிடித்தது. வீட்டுக்கு வீடு போன் செய்திருக்கிறார்கள். வந்தது ஒரே வண்டி. மற்ற அழைப்புகளை என் மென்பொருள் பணிவாக மூடிவிட்டது. நடைபாதையில் கிடந்தவர்கள் காத்திருந்தார்கள்.

நான் எதையும் மறுக்கவில்லை. குண்டூசி கூட்டிக் கேட்கிறவள் இல்லை என்பது எனக்கு அன்றே தெரியும். தெரிந்துதான் குறைத்தேன். ஒருத்திக்குக் கேட்டதைக் கொடுத்துவிட்டால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள்.

ஆனால் விசாரணை அறிக்கையில் செத்தவர்கள் நான்கு பேர் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் பேசலாம். அந்தப் பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது, அவரை விடுங்கள். அந்த வாட்ச்மேன் எப்படியும் பிழைத்திருக்க மாட்டார் என்று உங்கள் டாக்டரே சொல்கிறார். மிச்சம் ஒரு தாயும் பிள்ளையும். கையெழுத்து குண்டூசியுடையது, தாயை அவள் பேரில் எழுதுங்கள். பிள்ளை என் பேரிலேயே இருக்கட்டும், நான் ஓடி ஒளிகிறவன் இல்லை. ஐந்து வயதுதானே ஐயா, பஸ்ஸில்கூட அரை டிக்கெட். அரை என்று போடுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.