அண்ணி எடுத்த போட்டோக்கள்

என் அண்ணிக்கு போட்டோ எடுக்கவே தெரியாது, மேடம். இதை நான் குறையா சொல்லல. சில பேருக்குப் பாட்டு வராது, சில பேருக்குக் கணக்கு வராது, அவங்களுக்கு இது வராது. ஜன்னலுக்கு முன்னாடி பிள்ளைய நிறுத்தி எடுப்பாங்க, மூஞ்சி கருப்பா விழும். தலைக்கு மேல ஒரு முழம் வெறும் சுவரு இருக்கும், கீழ பாதத்தைக் காணோம். ஓரத்துல அவங்க கட்டை விரல் கட்டாயம் இருக்கும். அந்த விரலை வெட்டி எடுத்ததுதான் நான் செஞ்ச முதல் வேலை. அதுல என்ன தப்புன்னு எனக்கு இப்பவும் தெரியல.

நீங்க நிதானமா எழுதிக்கோங்க. நான் பல் ஆஸ்பத்திரில வரவேற்பு மேசைல உக்கார்றவ. கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றவங்களை உக்கார வெச்சு, பேரு கேட்டு, வயசு கேட்டு, "கொஞ்ச நேரந்தாங்க, ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லிச் சொல்லி என் குரலே இப்படி ஆயிடுச்சு. நேத்து உங்க ஏட்டு ஒருத்தர் இதைக் கேட்டுட்டு "கல்நெஞ்சுக்காரி"ன்னாரு. அவருக்கு ஒரு நாள் கடவாப்பல்லு வலிக்கட்டும், அப்ப தெரியும்.

கீழ் வீட்ல அண்ணன், அண்ணி, அவங்க பொண்ணு. மாடி ரூம்ல நான். எனக்குக் கல்யாணம் ஆச்சு, நிலைக்கல, குழந்தையும் இல்ல. அதை எழுத வேண்டாம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பொண்ணைப் பட்டாணின்னுதான் கூப்பிடுவோம். பொறந்தப்ப அப்படி உருண்டையா இருந்தா. அண்ணி எடுக்கிற போட்டோ எல்லாம் போன்ல எங்க குடும்ப குரூப்புக்கு வரும். சித்தப்பா ஒரு கும்பிடு போடுவாரு, மாமா ஒரு கட்டை விரல் தூக்குவாரு, முடிஞ்சது. அந்த முகத்தை நாலு கிழவங்க பாத்து என்ன பிரயோஜனம்?

இணையத்துல அம்மாக்களுக்குன்னு ஒரு பக்கம் இருந்துச்சு. பொழுதுபோகாம படிப்பேன். ஒரு நாள் "உங்க வீட்டு வாலு இப்ப என்ன பண்ணுது?"ன்னு கேட்டு எல்லாரும் படம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. பட்டாணி அவங்கப்பா செருப்பை ரெண்டு கையிலயும் மாட்டிக்கிட்டு நாலு காலுல போற படம் ஒண்ணு அன்னிக்குத்தான் வந்திருந்துச்சு. விரலை வெட்டி, கொஞ்சம் வெளிச்சம் ஏத்தி, போட்டேன். ஒருத்தி வந்து, ஓரத்துல இருந்த என் படத்தையும் பாத்துட்டு, "உங்க பொண்ணா? உங்களையே உரிச்சு வெச்சிருக்கு"ன்னு எழுதினா. நான் ஆமான்னு சொல்லல. ஒரு இதயம் போட்டேன், அவ்வளவுதான். இதயம் போடுறது குத்தம்னு சட்டத்துல இருந்தா சொல்லுங்க. அவ சொன்னது உண்மையும்தான், பட்டாணி எங்க அப்பா ஜாடை.

அப்புறம் பட்டாணிக்குன்னே ஒரு பக்கம் ஆரம்பிச்சேன். அண்ணி காலைல குரூப்ல போட்டா, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல அது திருத்தமா என் பக்கத்துல வந்துடும். அண்ணிகிட்ட கேட்டீங்களான்னு கேட்டீங்க. கேக்கல. கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. குடுக்கப் போறதை எதுக்குக் கேக்கணும்? ஒரு பைசா யார்கிட்டயும் வாங்கினது இல்ல, அதையும் சேத்து எழுதிக்கோங்க.

ஒரே ஒரு தடவைதான் மாட்டிக்கப் பாத்தேன். பட்டாணி ஊஞ்சல் ஆடுற வீடியோ. அதுல நடுவுல "அத்த, இன்னும் வேகமா"ன்னு கத்தியிருக்கா. சத்தத்தை எடுக்க மறந்துட்டேன். உடனே ஒருத்தி, "என்னங்க, உங்க பொண்ணு உங்களை அத்தன்னு கூப்பிடுது?"ன்னு கேட்டுட்டா.  அப்புறம் யோசிச்சு எழுதினேன்: எங்க வீட்ல அண்ணன் பிள்ளைங்க என்னை அத்தன்னு கூப்பிடும், அதைக் கேட்டுக் கேட்டு இவளும் அப்படியே பழகிட்டா. எழுதினதுதான் தாமதம், பெட்டியைத் திறந்து விட்ட மாதிரி எல்லாரும் கொட்டினாங்க. ஒருத்தி மகன் அவளை அக்காங்கிறானாம். ஒருத்தி பொண்ணு அண்ணிங்குதாம். கூட்டுக் குடும்பத்துல வளர்ந்த ஒருத்தர் தாடி நரைச்ச பிறகும் பெத்தவளைச் சின்னம்மான்னுதான் கூப்பிடுறாராம். "கவலைப்படாதீங்க சிஸ்டர், ஒரு நாள் தானா அம்மான்னு கூப்பிடுவா"ன்னு ஆறுதல் சொன்னாங்க. அதைப் படிச்சுட்டு நான் அழுதேன். அது நடிப்பு இல்ல.

அப்ப பட்டாணிக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. சாதாரணக் காய்ச்சல். அண்ணி, "எல்லாம் கண்ணு பட்டதுதான். இனிமே ஒரு போட்டோ போட மாட்டேன்"னுட்டாங்க. போடவும் இல்ல. எனக்கு இருப்பு கொள்ளல, மேடம். போனைத் திறப்பேன், மூடுவேன், மறுபடி திறப்பேன். ஆஸ்பத்திரில ஒருத்தர் பேரைச் சொல்லி இன்னொருத்தரை உள்ள அனுப்பிட்டேன், நல்ல பல்லைப் பிடுங்க இருந்தாரு டாக்டர். "பாப்பா எங்க? பாக்காம சோறு இறங்கல"ன்னு இணையத்துல கேட்டுக்கிட்டே இருக்காங்க. பதில் சொல்லணுமா இல்லையா? உடம்பு சரியில்லன்னு எழுதினேன். அது உண்மைதான். அவளுக்கு டிரிப்ஸ் ஏறிக்கிட்டு இருந்தப்ப, அண்ணி மருந்து வாங்கப் போன சமயத்துல ஒரு படம் எடுத்தேன். அதுவரைக்கும் எந்தப் படத்துக்கும் அவ்வளவு பேர் வந்தது இல்ல.

பட்டாணி சீக்கிரமே எந்திரிச்சு ஓட ஆரம்பிச்சுட்டா. இங்க சரியாயிடுச்சு. அங்க சரியாகல. என்னத்தைச் சொல்ல, அவங்க அன்பு அப்படி. நல்லாயிட்டான்னு எழுதினா ஒரு வாழ்த்தோட போயிடுவாங்க. அதனால அங்க நோய் பெரிசாச்சு, புத்துநோய் வரைக்கும் போச்சு. முடி கொட்டணும்னு ஒரு கட்டம் வந்தப்ப, பபிள்கம் ஒட்டிக்கிச்சுன்னு சொல்லி ஒட்ட வெட்டி விட்டேன். அண்ணி அந்த முடியை மடியில வெச்சுக்கிட்டு அழுதாங்க. நான்தான் சமாதானம் சொன்னேன், முடிதானே, வளரும்னு. வளரத்தானே செஞ்சது?

ஆனா மனுஷங்க சும்மா இருக்க மாட்டாங்க. "எந்த ஆஸ்பத்திரி? நாங்க நேர்ல வந்து பாக்குறோம்"னு ஆரம்பிச்சாங்க. பொம்மை வாங்கி வெச்சிருக்காளாம் ஒருத்தி. ஒருத்தி பஸ்ஸுக்கு டிக்கெட்டே எடுத்துட்டா. வேற வழி இல்லாம எழுதினேன்: என் பொண்ணு மத்தியானம் தூங்கினா, எந்திரிக்கல.  வேலைக்கு லீவு சொல்லிட்டுப் போர்த்திப் படுத்துட்டேன். அண்ணி கஞ்சி வெச்சுப் பட்டாணிகிட்ட குடுத்து விட்டாங்க. அவ படியேறி வந்து, "அத்த, உனக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்டா. நான் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அன்னிக்கு அவளைப் பாக்க எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு.

குட்டு வெளிப்பட்டது ஒரு செருப்புக் கடைல. அண்ணி பட்டாணிக்கு ஸ்கூல் ஷூ போட்டுப் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. யாரோ ஒரு அம்மா ஓடி வந்து பிள்ளையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "நீ உயிரோட இருக்கியா, என் தங்கமே"ன்னு ஓன்னு அழுதிருக்காங்க. அப்புறம் அவங்க போன்லயே அண்ணி எல்லாத்தையும் பாத்துட்டாங்க.

சாயங்காலம் சமையல்கட்டுல வெச்சுக் கேட்டாங்க. கத்தல. கத்தியிருந்தா தேவலையா இருந்திருக்கும்.

"குளிக்கிற படம் கூடவா? அது என் அம்மா பாக்கணும்னு போட்டது. யாரைக் கேட்டு எடுத்த?"

நான் அடுப்புல இருந்த பாலை இறக்கி வெச்சேன்.

"ஊரு பூரா என் பிள்ளை போயிட்டான்னு அழுதிருக்கு. நான் பாட்டுக்கு இங்க அவளுக்குத் தலை சீவிக்கிட்டு இருந்திருக்கேன். அந்த முடியையும் நீதான... ஐயோ, உன்னை நம்பித்தானடி அவளை விட்டுட்டுப் போனேன்."

அண்ணன் வாசப்படியிலயே நின்னாரு. அவரு எப்பவும் அப்படித்தான், சண்டைன்னா உள்ளயும் வர மாட்டாரு, வெளியவும் போக மாட்டாரு. கடைசில சொன்னாரு: "ஞாயித்துக்கிழமைக்குள்ள நீயே எழுது. இது என் பொண்ணு இல்ல, அண்ணன் பொண்ணு. அவளுக்கு ஒரு நோயும் இல்ல, நல்லா இருக்கா, நான் சொன்னது எல்லாம் பொய்னு. எழுதிட்டு எல்லாப் படத்தையும் அழி. இல்லாட்டி தங்கச்சின்னு பாக்க மாட்டேன், போலீசுக்குப் போவேன்."

எழுதிப் பாத்தேன், மேடம். உக்காந்தேன், எந்திரிச்சேன், மாடில குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். "நான்"னு எழுதுவேன், அழிச்சுடுவேன். எனக்கு மானம் போறது பெரிசு இல்ல. அந்தப் பொம்பளைங்களை நினைச்சேன். எனக்காகச் சாப்பிடாம கிடந்தவங்க. பெத்த பிள்ளைய எரிச்சுட்டு வந்து எனக்கு ஆறுதல் சொன்ன ஒருத்தி இருந்தா. அவகிட்டப் போய், உன் கண்ணீரை நான் ஏமாத்தி வாங்கினேன்னு சொல்றதா? ஒரு மனுஷி இன்னொரு மனுஷிக்குச் செய்யுற காரியமா அது? நான் எழுதினதுல ஒவ்வொரு வரியா படிச்சுப் பாத்தேன். அன்பு உண்மை. அழுகை உண்மை. கஷ்டம் உண்மை. ஒரே ஒரு விஷயம்தான் இன்னும் ஒத்து வரல. அது கீழ் வீட்ல செருப்பைப் போட்டுக்கிட்டுத் தாம்தூம்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு.

சனிக்கிழமை அண்ணி குளிக்கப் போயிருந்தாங்க. அண்ணன்கிட்ட, "நான் வேற வீடு பாத்துட்டேன். கடைசியா ஒரு தடவை ஏரிப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுறேன்"னேன். அவரு என் மூஞ்சியப் பாக்காமயே தலையாட்டினாரு. கூடப் பொறந்த பாசம். அவரைக் குத்தம் சொல்லாதீங்க.

வெயில் நல்லா இருந்துச்சு. பட்டாணி வழி பூரா பேசிக்கிட்டே வந்தா. புது ஷூ கடிக்குதுன்னா, கழட்டி நான் கையில வெச்சுக்கிட்டேன். படகுத் துறையோட கடைசிப் பலகை வரைக்கும் நடந்தோம். மீனு தெரியுதா பாருன்னு சொன்னேன். குனிஞ்சா.

கால் வழுக்கிடுச்சுன்னு நேத்து எழுதிக் குடுத்தேன். அதை அடிச்சுடுங்க. பலகை காஞ்சுதான் இருந்துச்சு. படகுக்காரர் ரெண்டு கையைப் பாத்தேன்னு சொன்னது சரிதான், அது என் கைதான். அவரு குதிச்சு எடுத்ததும் சரி. பொழைச்சுக்கிட்டா, நல்லா மூச்சு விடுறான்னு இங்க சொன்னாங்க. சந்தோஷம். எனக்கு அவ மேல ஒரு கோவமும் கிடையாது.

ஆனா படகுக்காரர் வாக்குமூலத்துல ஒண்ணு தப்பா இருக்கு, அதைத் திருத்தத்தான் உங்களை வரச் சொன்னேன். "விழும்போது குழந்தை பயத்துல கத்தியது"ன்னு மொட்டையா எழுதியிருக்காங்க. என்ன கத்துச்சுன்னு எழுதல. நான் பக்கத்துல நின்னவ, எனக்குத் தெரியும். அம்மான்னு கத்தினா. அண்ணி அங்க இல்ல, மேடம், அவங்க வீட்ல குளிச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பலகை மேல நான் ஒருத்திதான் இருந்தேன். என்னைத்தான் கூப்பிட்டா.