கட்டை விரலுக்கு லீவு

"பத்து நாளா பூ கட்டலக்கா. கட்டை விரலுக்கு லீவு விட்டிருக்கேன்."

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சொன்னவரின் வலது கட்டை விரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

"அடிபட்டுடுச்சா?" என்றார் பக்கத்திலிருந்த மூத்தவர்.

"இல்லக்கா. வாழைநாரை இழுத்து இழுத்து ரேகை தேஞ்சிடுச்சு. ரேஷன் கடை மெஷின்ல விழ மாட்டேங்குது. இந்த மாசத்துக்குள்ள பதியலேன்னா கார்டுலேருந்து பேரை எடுத்துடுவாங்களாம்."

"ரேகைக்குப் பதிலா மெஷின்ல கண்ணைக் காட்ட வேண்டியதுதானே?"

"காட்டினேன். புரை விழுந்திருக்கே, அதுவும் ஆகல."

"கடைக்காரருக்குத்தான் உன்னை நல்லாத் தெரியுமே!"

"தெரியும். பேர் சொல்லித்தான் கூப்பிட்டாரு. மெஷினுக்குத் தெரியணுமேங்கிறாரு."

காவிரிப் பாலத்தில் பஸ் சட்டென்று பிரேக் போட்டது. அவர் இடது கையால் மட்டும் கம்பியைப் பிடித்தார். பிறகு துணியை அவிழ்த்து விரலை நீட்டினார்.

மூத்தவர் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லேசா வந்திருக்கு. நாளைக்குப் போய் வச்சிடு. அப்புறம் பூ கட்டலாம்ல?"

"கட்டலாம்," என்று மறுபடி துணியைச் சுற்றினார். "அடுத்த மாசம் அரிசி வாங்கவும் இதே விரலைத்தானேக்கா கேப்பாங்க?"