சத்தக் கழிவு

என் கையெழுத்து நல்லா இருக்கும் மேடம். ஸ்கூல்ல இருந்தே நோட்டீஸ் போர்டு எழுதுறது நான்தான். அதனால அந்த சார்ட்டை வெச்சுக்கிட்டு, இது யார் எழுதினதுன்னு இந்த விசாரணையில நீங்க மண்டையை உடைச்சுக்க வேண்டியதில்ல. மூணு நம்பரும் நான் போட்டதுதான்.

ரெண்டாம் வருஷ நர்சிங் மாணவிக்கு வார்டுல என்ன பெரிய வேலை இருந்துடப் போகுது. ஒவ்வொரு கட்டிலாப் போய், "வலி பத்துக்கு எத்தனை?"ன்னு கேட்டு எழுதணும். ஏழோ அதுக்கு மேலயோ வந்தா டாக்டரைக் கூப்பிட்டே ஆகணும். சேர்ந்த புதுசுல ஒரு பழவண்டிக்காரம்மா ஒன்பதுன்னாங்க. கூப்பிட்டேன். டாக்டர் பார்த்துட்டு, "வெறும் வாயு. இதுக்கா என்னை ஓட வெச்சே?"ன்னார். வார்டே சிரிச்சுது, எனக்கு மானமே போச்சு. அன்னிக்குத்தான் சிஸ்டர் எனக்குச் 'சத்தக் கழிவு' சொல்லிக் கொடுத்தாங்க. "கூலிவேலை செய்யுற சனங்க எல்லாத்தையும் பெருசாத்தான் சொல்லும். கத்துனா பாதியைக் கழிச்சுடு." இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல, ஆனா வார்டுல எல்லாருக்கும் தெரியும்.

ஜன்னலோரக் கட்டில்ல ஒரு சித்தாள். கட்டட வேலை. வயித்துல ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாம் நாள். காலையில எட்டு மணிக்குக் கேட்டேன். "பத்து, பாப்பா. தாங்கல"ன்னு கத்தினாங்க. அஞ்சுன்னு எழுதினேன். கணக்கு சரிதானே.

பக்கத்துக் கட்டில்ல பேங்க் மேனேஜரோட மனைவி. "ஆறு இருக்கும்மா, பரவால்ல"ன்னாங்க. அப்படி அடக்கிச் சொல்றவங்களுக்கு உள்ள எவ்வளவு இருக்கும்? எட்டுன்னு போட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். எனக்குக் கழிக்க மட்டும் இல்ல மேடம், கூட்டவும் தெரியும். கல்நெஞ்சுக்காரின்னு என்னைச் சொல்லிடாதீங்க.

சித்தாளோட மக அந்த டாக்டர் பின்னாடியே ஓடினா. "சார், எங்கம்மாவையும் ஒரு பார்வை பாருங்க சார்." அவர் சார்ட்டைப் பார்த்தார். அஞ்சு. போயிட்டார். பாவம், அவளும்தான் என்ன செய்வா, அப்புறம் ஒவ்வொரு வெள்ளைக் கோட்டு பின்னாடியும் ஓடிக்கிட்டே இருந்தா.

பத்து மணிக்கு மறுபடி கேட்டேன். "எத்தனைன்னு சொன்னா டாக்டர் வருவாரு? சொல்லு பாப்பா, அதையே சொல்றேன்"ன்னாங்க அந்தம்மா. அந்த ஒரு பேச்சுலயே எனக்கு எல்லாம் தெளிவாயிடுச்சு. நிஜமா வலிக்கிறவங்க இப்படிப் பேரம் பேச மாட்டாங்க. நாலுன்னு எழுதினேன்.

மக என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "அக்கா, எங்கம்மா பிரசவத்துக்கே அழாதவங்க. வயித்தைத் தொட்டாவது பாருங்க." தொட்டுப் பார்த்தேன். பலகை மாதிரி இறுகிக் கிடந்துச்சு. வயிறு அப்படி இருந்தா உள்ளே ஆபத்துன்னு படிச்சிருக்கேன், பரீட்சையில எழுதி முழு மார்க்கும் வாங்கியிருக்கேன். ஆனா அது நம்மளை மாதிரி உடம்புக்கு. கல்லும் மண்ணும் சுமக்கிறவங்க வயிறு இறுகித்தானே இருக்கும்.

பன்னெண்டு மணிக்குச் சத்தமே இல்ல. "எத்தனைம்மா?"ன்னேன். கண்ணைத் திறக்காமலே, "நீயே ஒண்ணு போட்டுக்கோ பாப்பா"ன்னாங்க. ரெண்டு போட்டேன். பக்கத்துல 'நோயாளி அமைதியாக இருக்கிறார்'னு அழகா எழுதினேன். ஒரு மணிக்கு மக அலறின அலறல்ல வார்டே ஓடி வந்துச்சு. எனக்கு அப்பவும் முதல்ல தோணினது, இவ்வளவு கத்தணுமான்னுதான்.

ஆமா மேடம், காலையிலேயே பார்த்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னது உண்மைதான். ஏழுன்னு ஒரு தடவை எழுதியிருந்தாப் போதும். நான் எழுதல. ஆனா ஆள் பார்த்து எழுதினேன்னு மட்டும் சொல்லாதீங்க, அது என் சுபாவமே இல்ல.

நேத்து விசாரணைக்காக இங்க வெளியில காத்துக்கிட்டிருந்தப்ப எனக்குத் தலைவலி. உங்க நர்ஸ் வந்து எத்தனைன்னு கேட்டாங்க. எட்டுன்னேன். மறுபேச்சு இல்ல, உடனே மாத்திரை கொடுத்துப் படுக்க வெச்சாங்க. பாருங்க, உண்மையிலேயே வலிக்கிறவங்களை முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்.