திருத்தலாமா சார்?

கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் பேருந்து. காலி சீட்டில் யாரோ பை வைத்திருந்தார்கள். எடுக்கச் சொல்லலாமா என்று யோசித்தபடி நின்றுகொண்டே வந்தேன். பக்கத்தில் இரண்டு இளைஞர்கள். லேப்டாப்பை மடியில் வைத்திருந்தவர் ஆரம்பித்தார்.

"உலகமே சேந்து ஓசியில எழுதுற ஆபரேட்டிங் சிஸ்டம் மாப்ள. ஒரு தப்பைத் திருத்துனா நம்ம பேரும் அதுல ஏறும். வீட்டுல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

"திருத்திட்டியா?"

"புதுசா வாரவங்களுக்குன்னே சின்னதா ஒரு தப்பை ஒதுக்கி வச்சிருந்தாங்க. 'இதை நான் திருத்தலாமா சார்'னு எழுதிக் கேட்டேன். பதில் வரல. மரியாதையா காத்திருந்தேன். அதுக்குள்ள எவனோ பிரேசில்காரன் கேக்காமலே திருத்தி அனுப்பிட்டான். அவன் பேரு ஏறிருச்சு."

"கேட்டுத்தான் செய்யணும்னு விதியா?"

"கேக்க வேணாம், செஞ்சு அனுப்புங்கன்னு மொதப் பக்கத்துலயே போட்டிருக்கு."

"அப்பறம் ஏன்டா கேட்ட?"

"அடுத்தவங்க பொருள்ல கேக்காம எப்படிடா கை வைக்கிறது?"

"ஒன்னைய நல்லா வளத்திருக்காங்கடா. இனிமே என்ன செய்யப் போற?"

"வேற ஒரு தப்பு கண்ணுல பட்டுச்சு. இந்தத் தடவ யாரையும் கேக்கல. திருத்தியே முடிச்சிட்டேன். அருமையா ஓடுது."

"அனுப்பிட்டியா?"

"அனுப்பலாமான்னு கேட்டிருக்கேன்."